நந்தம்பாக்கத்தில் 856 கல்லறைகள்!

1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

சென்னைப் பட்டணம் காலியாகிக் கொண்டிருந்தது.

"ஜப்பான்காரன் வருகிறான்! கடற்கரையில் இறங்கப் போகிறான்!" என்பதே எங்கும் பேச்சு. மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரெயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். ரெயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டி பிடித்தார்கள். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். தெருத் தெருவாக வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அவசியமான வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. சர்க்கார் அலுவலகங்களும் கடலுக்கு எட்டாத உள்ளூர்களுக்கு மூட்டை கட்டின.

அது வீண் பயமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் ரங்கூன் விழுந்தது. அதே மாதம் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை! வடக்கே அடி, தெற்கே அடி. நடுவில் இருப்பது சென்னை. அடுத்தது நாம்தான் என்று பட்டணத்து மக்கள் நினைத்ததில் என்ன தப்பு?

அப்போது மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இல்லை. சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே! போலீஸ் படையை வரவழைத்து, அந்தக் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எதிரியின் மீது பாய வேண்டிய குண்டு, கூண்டுக்குள் படுத்திருந்த சிங்கத்தின் மீது பாய்ந்தது!

கடைசியில் ஜப்பான்காரன் வரவே இல்லை. திருகோணமலையைத் தாக்கிய கையோடு அவனுடைய கப்பற்படை கிழக்கே திரும்பிவிட்டது. ஓடிய ஜனங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. சென்னையில் யுத்தம் அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த யுத்தத்தில் மாண்ட 856 பேர் சென்னையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். யுத்தம் நடக்காத ஊரில் 856 வீரர்களின் கல்லறைகளா? ஆம். அந்த இடத்தைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன்.

மண்ணூரிலிருந்து...

என்னோடு வந்தது மண்ணூர்க் குடும்பம் ஒன்று. சென்னையிலிருந்து மேற்கே ஓடுவதற்கு அன்று இருந்த வழிகளில் ஒன்று, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூர் சாலை. அந்தச் சாலையில் வந்து, தண்டலத்தில் பிரிந்து உள்ளே போனால் மண்ணூர். ஒரு காலத்தில் ஏரியும் நெல் வயலுமாக இருந்த வட்டாரம். இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலை. விடியற்காலையில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போனால் ஜப்பானியக் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். ஜப்பானிய எஞ்சினீயர்கள் வந்து தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நாட்டுச் சாப்பாடு கிடைக்கும் ஓட்டல்கள் கூட இருக்கின்றன. எவன் வருகிறான் என்று பட்டணம் பயந்து ஓடியதோ, அவனுடைய பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பிள்ளைகள் இன்று மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள்!

நான் சொல்லும் குடும்பத்தில் மகனுக்கு அப்படி ஒரு ஜப்பானியக் கம்பெனியில்தான் வேலை. தாயாருக்கு 60 வயது தாண்டிவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தபோது, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத்தைக் கற்றுக் கொண்டவர். இன்று பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார். மூன்றாவது ஆள் பேத்தி. 5-ம் வகுப்பு. கேள்வி கேட்பதில் மன்னி!

பூந்தமல்லியில் இறங்கி, மவுண்ட் சாலை பஸ் பிடித்தோம். போரூர் தாண்டி, ராமாபுரம் தாண்டி நந்தம்பாக்கம். சாலையில் இரைச்சல் காதைப் பிளக்கிறது. பக்கத்திலேயே பெரிய பொருட்காட்சிக் கட்டடமான டிரேட் சென்டர். அங்கே போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கூட இந்தக் கல்லறைத் தோட்டம் இருப்பது தெரியாது.

உள்ளே நுழைந்தோம். பச்சைப் புல்வெளி. அதில் வரிசை வரிசையாக, நூல் பிடித்தது போல் கற்கள். நடுவே உயரமான கற்சிலுவை. அதன் முகத்தில் கீழ் நோக்கிய வெண்கல வாள். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

யாரும் சொல்லாமலே அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சுடுகாடு மாதிரியே இல்லையே தம்பி! பூந்தோட்டம் மாதிரி வச்சிருக்காங்களே!" என்றார்.

பேத்தி ஓடிப்போய் ஒரு கல்லின் முன் நின்று ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண் தெரியுமே! பல கற்களில் பெயருக்குக் கீழே இறந்த தேதியும் வயதும் வெட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே வரிசையோடு நடந்தார்.

"இருவத்திரண்டு... இருவத்தஞ்சு... பத்தொம்பது..."

கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டார்.

"என் பையனைவிடச் சின்னப் பசங்களா இருக்காங்களே தம்பி! இதுங்களுக்கெல்லாம் அம்மா இருந்திருப்பாங்களே. யாராவது வந்து பார்த்தாங்களா?"

வந்து பார்த்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். கடல் தாண்டி வரக் காசு வேண்டுமே! உடலை ஊருக்கு எடுத்துப் போகவும் வழி இல்லை. மாண்டவர்களை மாண்ட நாட்டிலேயே புதைப்பது என்பது, முதல் உலக யுத்த காலத்திலேயே பிரிட்டிஷ் ராணுவம் செய்த ஏற்பாடு. பணக்காரன் மகன் மட்டும் கப்பலில் வீடு திரும்புவது, ஏழை மகன் அந்நிய மண்ணில் கிடப்பது என்ற பேதம் வரக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல்!

"எல்லாக் கல்லும் ஒரே சைஸா இருக்கே மாமா, ஏன்?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி.

1917-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஒரு கமிஷன் அமைத்தார்கள். யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகளைக் கவனிப்பது மட்டுமே அதற்கு வேலை. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் கமிஷன். 150-க்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டு உலக யுத்தங்களிலும் மாண்ட 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் பெயர்களையும் அது பராமரிக்கிறது.

அந்தக் கமிஷனின் சட்டம் இதுதான். மாண்டவன் ஒவ்வொருவனுக்கும் பெயர் வேண்டும். உடல் கிடைத்தால் கல்லில், கிடைக்காவிட்டால் நினைவுச் சுவரில். கற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஜெனரல் ஆனாலும் சமையல்காரன் ஆனாலும் ஒரே அளவு. கல்லின் உயரம் சுமார் 81 செண்டிமீட்டர், அகலம் 38 செண்டிமீட்டர். மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழ் எண், பதவி, பெயர், தேதி, வயது. அதற்கும் கீழே அவனவன் மதத்தின் அடையாளம்.

கடைசி வரி மட்டும் குடும்பத்தாருக்கு விடப்பட்டது. தாயோ மனைவியோ தங்கள் மனதில் உள்ளதை எழுதி அனுப்பலாம். ஆனால் 66 எழுத்துக்கு மேல் போகக் கூடாது! முதல் யுத்தத்தின்போது எழுத்துக்கு இவ்வளவு என்று காசும் கேட்டார்கள். பெற்ற மகனைப் பற்றி 66 எழுத்தில் என்ன சொல்லிவிட முடியும்? சில தாய்மார்கள் செல்லப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினார்கள்.

உடல் கிடைத்து, ஆள் யாரென்று தெரியாவிட்டால்? அப்படிப்பட்ட கற்களில் வெட்ட வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். "கடவுளுக்குத் தெரிந்தவன்" என்பது அதன் பொருள். அவருடைய ஒரே மகன் ஜான் 1915-ல் பிரான்ஸ் போர்முனையில் காணாமல் போனவன். தகப்பன் உயிரோடு இருந்தவரையில் மகன் கல்லறை எது என்று தெரியவில்லை.

இனி அந்த அம்மாளின் அடுத்த கேள்விக்கு வருவோம். சண்டையே நடக்காத நம் ஊரில் இவர்கள் எப்படிச் செத்தார்கள்?

இவர்களில் பெரும்பாலோர் சென்னையில் மாண்டவர்கள் அல்ல. யுத்தத்தின்போது தென்னாடு முழுவதும் பட்டாளம். சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை ஆகிய இடங்களில் எல்லாம் விமானத் தளங்கள். ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பையன்கள் இங்கே வந்து முகாம் போட்டார்கள். காய்ச்சலில் சிலர் போனார்கள். விமான விபத்தில் சிலர். பர்மா போர்முனையில் காயம் பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து போனவர்கள் சிலர். ஆங்காங்கே உள்ளூர் இடுகாடுகளில் அவர்களைப் புதைத்தார்கள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபின் அந்த இடுகாடுகளை யார் பார்ப்பார்கள்? ஆகவே, தென் இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளைத் திறந்து, எலும்புகளை எடுத்து வந்து, நந்தம்பாக்கத்தில் ஒன்று சேர்த்தார்கள். 1952-ல் இந்தத் தோட்டம் உருவாயிற்று. செத்த பிறகும் ஒரு பிரயாணம்!

தோட்டத்தின் பின்பக்கத்தில் இன்னொரு நினைவுச் சின்னம். அது 1914-18 யுத்தத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, இனிப் பராமரிக்க முடியாது என்று விடப்பட்ட கல்லறைகளின் சொந்தக்காரர்கள் 1,000 பேருக்கு மேல் அதில் பெயராக நிற்கிறார்கள்.

நாய்க்கும் பெயர் உண்டு

மாண்டவனுக்குக் கல் நடுவது வெள்ளைக்காரன் கொண்டு வந்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கு அது பழைய சமாசாரம். ஊரைக் காக்கவோ மாட்டைக் காக்கவோ சண்டையிட்டுச் செத்தவனுக்கு நடுகல் நடுவது தமிழன் வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், நட்ட பின் வாழ்த்துவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்லுகிறது. செங்கம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட கற்கள் ஏராளம். எந்த ராஜா காலம், எத்தனையாவது ஆண்டு, யார் செத்தான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நந்தம்பாக்கத்துக் கல்லில் இருக்கிற விவரம்தான்!

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலம். 1,400 ஆண்டுகள் ஆகின்றன. வீரன் ஒருவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் சொல்லுகிறது. நன்றியுள்ள நாய்க்கும் பெயர் எழுதிய ஊர் நம் ஊர்.

இதைச் சொன்னதும் பேத்திக்கு ஒரே சந்தோஷம். "கோவிவன், கோவிவன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஆனால் எல்லோருக்கும் பெயர் உண்டு என்ற கமிஷனின் சட்டம், எல்லா இடத்திலும் நடக்கவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் முதல் யுத்தத்துக்குப் போன சிப்பாய்களும் மூட்டை தூக்கிகளும் ஏராளமாக மாண்டார்கள். அவர்களில் பலருக்குத் தனிக் கல் இல்லை. பெயர் கூட எழுதவில்லை. 2021 ஏப்ரலில் கமிஷனே ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக் கொண்டது. பெயர் விடுபட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர். 3,50,000 பேர் வரை இருக்கக் கூடும் என்று அந்த அறிக்கை சொல்லிற்று. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ராணுவ மந்திரி எழுந்து மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு. கேட்காமல் இருந்ததற்கு இது மேல் என்று வைத்துக் கொள்ளலாம்.

கடற்கரையில்

வெயில் தாழ்ந்த பிறகு மெரினாவுக்குப் போனோம். சுண்டல், பலூன், குதிரைச் சவாரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இந்த மணலைப் பார்த்தால், பட்டணமே நடுங்கிய இடம் இதுதான் என்று யாருக்குத் தோன்றும்?

எதிரி இந்தக் கரையில் உண்மையாகவே இறங்கியதும் உண்டு. அது 1746-ல். பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து, கோட்டைக்குத் தெற்கே தன் ஆட்களை இறக்கினான். சில நாளில் கோட்டை விழுந்தது. பிடிபட்ட ஆங்கிலேயர்களில் ஒரு குமாஸ்தா, இந்தியர் உடை போட்டுக்கொண்டு இரவோடு இரவாகத் தப்பிக் கடலூர்ப் பக்கம் ஓடினான். அவன் பெயர் ராபர்ட் கிளைவ்! 1749-ல்தான் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

அடுத்தது 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி சுமார். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் இருட்டில் வந்து நின்றது. பட்டணத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிந்து கொண்டிருந்தன. குறி பார்க்க வேறென்ன வேண்டும்? நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்கள் போயின. எம்டன் வந்த வழியே போய்விட்டது. ஆனால் அதன் பெயர் போகவில்லை. கெட்டிக்காரனை, எமகாதகனை, "அவன் எம்டன்டா!" என்று இன்றும் சொல்லுகிறோமே, அது இந்தக் கப்பல்தான். குண்டு விழுந்த இடத்தில், ஐகோர்ட்டு மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

1942-ல் சென்னையில் இருட்டடிப்பு செய்தார்களே, ஏன் என்று இப்போது புரியும். எம்டன் கற்றுக் கொடுத்த பாடம்! ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம். தெருவில் பதுங்கு குழி. சங்கு ஊதினால் குழிக்குள் இறங்க வேண்டும். ஏ.ஆர்.பி. தொண்டர்கள் தெருத் தெருவாக வந்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

"ஜப்பான்காரங்க வரவேயில்லையே, அப்புறம் எங்கதான் சார் இறங்கினாங்க?" என்று மகன் கேட்டார்.

இறங்கிய கரை இதே கடலுக்கு அப்பால் இருக்கிறது. மலாய் நாட்டின் வடகிழக்கு மூலையில் கோத்தபாரு என்ற ஊர். 1941 டிசம்பர் 8-ந் தேதி, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியப் படகுகள் அங்கே கரை சேர்ந்தன. அமெரிக்காவின் பெர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே இது நடந்தது. பசிபிக் யுத்தத்தின் முதல் சண்டை அந்த மணலில்தான். அங்கே கரையைக் காத்து நின்றவர்கள் யார் தெரியுமா? நம் இந்திய ராணுவத்தின் டோக்ரா சிப்பாய்கள். விடிய விடியச் சண்டை. இரண்டு பக்கத்திலும் ஏராளமான சேதம். எழுபதே நாளில் மலாய் முழுவதையும் தாண்டி, ஜப்பானியர்கள் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள்.

அந்தச் சண்டையில் மாண்டவர்களின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் இருக்கின்றன. கல்லறை தெரியாதவர்கள் மட்டும் 24,000-க்கு மேல். அவர்களில் இந்தியர் நிறையப் பேர்.

அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் திரும்பினார்.

"எங்க தாத்தா கூட மலாய்க்குப் போனவருதான் தம்பி."

தாத்தா போன கதை

அப்பாவைப் பெற்ற தாத்தா. கங்காணி ஒருவர் வந்து ஆள் சேர்த்தபோது, ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கிளம்பினாராம். கைக்குழந்தையோடு மனைவியை ஊரில் விட்டுப் போனார். வருஷம் தெரியாது. 1938-ல் இந்திய சர்க்கார் மலாய்க்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. ஆகவே அதற்கு முன்தான் போயிருக்க வேண்டும். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பணமும் வந்தது. பிறகு யுத்தம். கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் வரவில்லை.

"எங்க ஆயா சாகிற வரைக்கும் பொட்டை அழிக்கல தம்பி. செத்தாருன்னு யாரும் வந்து சொல்லலையே, நான் ஏன் அழிக்கணும்னு கேக்கும்."

அந்தத் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் பல்லாயிரம் பேருக்கு என்ன ஆயிற்று என்று தெரியும்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ரெயில் பாதை போட ஜப்பானியர்கள் தீர்மானித்தார்கள். 415 கிலோமீட்டர். நடுவில் காடு, மலை, ஆறு. 1942-ல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 60,000 பேரை அதில் வேலை வாங்கினார்கள். ஆள் போதவில்லை. மலாய்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் கூட்ஸ் ரெயிலிலும் ஏற்றினார்கள். "மூன்று மாத வேலை, நல்ல கூலி" என்று ஆசை காட்டி அழைத்துப் போனதும் உண்டு. பலவந்தமாகப் பிடித்துப் போனதும் உண்டு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோரும் சேர்ந்து ஆசியத் தொழிலாளிகள் சுமார் 2 லட்சம் பேர். காலரா, மலேரியா, சீதபேதி, பட்டினி. டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடிவிட்டு, மறுநாள் தண்டவாளம் போட்டார்கள்.

வெள்ளைக்காரக் கைதிகளில் மாண்டவர்கள் 12,000-க்கு மேல். தங்கள் ஆட்கள் யார், எப்போது, எங்கே செத்தார்கள் என்று அவர்களுடைய அதிகாரிகள் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அதனால் யுத்தம் முடிந்ததும் தேடி எடுக்க முடிந்தது. தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகள் உள்ளன. நந்தம்பாக்கம் போலவே புல்வெளி, வரிசை, பெயர், வயது.

ஆசியத் தொழிலாளிகளில் மாண்டவர்கள் எத்தனை பேர்? 80,000 என்பார்கள், 90,000 என்பார்கள், ஒரு லட்சம் என்பார்கள். குறித்து வைக்க ஆள் இல்லை. அவர்கள் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவே! ஆகவே கமிஷனின் கணக்கிலும் வரவில்லை. இந்த ரெயில் பாதையை வைத்து 1957-ல் வந்த "குவாய் நதிப் பாலம்" என்ற ஆங்கிலப் படம் உலகம் முழுவதும் ஓடியது. படம் பிடித்தது இலங்கையில். அதில் வெள்ளைக்காரக் கைதிகள் படும் பாடு உண்டு. தமிழனைப் பற்றி மூச்சு இல்லை.

2023-ம் ஆண்டில்தான் காஞ்சனபுரியில், ஒரு புத்தர் கோவில் வளாகத்தில், அந்தத் தமிழர்களுக்காகக் கல் ஒன்று நட்டார்கள். அதற்கு நடுகல் என்றே பெயர் வைத்தார்கள்.

"பேரெல்லாம் எழுதியிருக்காங்களா தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒவ்வொருவர் பெயரும் இல்லை அம்மா. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியைக் கூப்பிட்டார். பையில் இருந்து நோட்டையும் பேனாவையும் எடுக்கச் சொன்னார்.

"உனக்கு எள்ளுத் தாத்தா பேரு. எழுதி வச்சுக்கோ" என்றவர், என்ன நினைத்தாரோ, பேனாவைத் தானே வாங்கிக் கொண்டார். மடியில் நோட்டை வைத்து, அறிவொளியில் கற்ற பெரிய பெரிய எழுத்தில் தாத்தாவின் பெயரை எழுதினார். அதன் கீழே ஊர்ப் பெயர். அதன் கீழே "மலாய்".

"வயசு எழுதலையே ஆயா?" என்றாள் பேத்தி. காலையில் கல்லில் பார்த்தவள் அல்லவா!

"போகும்போது முப்பதுன்னு எங்க ஆயா சொல்லும்."

30 என்று எழுதினார்.